பலமா, நுணுக்கமா? மகளின் நீச்சலுக்கு நாங்கள் எடுத்த முடிவு

என் மகளுக்கு 11 வயது. கோடை முகாம் முடிந்ததும் இரண்டு பேட்ச்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஒன்றில் தண்டால், ரப்பர் பேண்டு, கையில் பேடில் (உள்ளங்கையில் மாட்டும் தட்டையான பலகை) மாட்டி நீந்துவது என்று பலத்துக்கே முதலிடம். இன்னொன்றில் பாதி நேரம் ஸ்ட்ரோக்கை, அதாவது நீந்தும் முறையை, திருத்துவதிலேயே போகும். நாங்கள் இரண்டாவதில் சேர்த்தோம்.

பலம் தேவைதான். ஸ்டார்ட்டில் பாய்வதற்கும் சுவரை உதைத்துத் திரும்புவதற்கும் கால் வலு வேண்டும். அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது தண்ணீரின் எதிர்ப்பு. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும், அதற்கான சக்தி எட்டு மடங்காகும். உடம்பைப் பிடிக்கும் விதம் மாறாமல் 10 சதவீதம் வேகம் கூட்ட, சுமார் 33 சதவீதம் அதிக சக்தி வேண்டும். 11 வயதுப் பிள்ளை அதற்கு எங்கே போவாள்? பருவமடைவதற்கு முன் பயிற்சியால் தசை பெரிதாக வளராது. நரம்புகள் தசையை இன்னும் நன்றாக இயக்கப் பழகுவதால்தான் வலு கூடுகிறது. ஆனால் எதிர்ப்பைக் குறைக்க வயது வரும்வரை காத்திருக்க வேண்டாம். இவள் மூச்செடுக்கத் தலையைத் தூக்குவாள், உடனே இடுப்பும் காலும் அமிழ்ந்துவிடும். "ஒரு கண்ணு தண்ணிக்குள்ளயே இருக்கட்டும்மா" என்று கோச் வாரக்கணக்கில் சொல்லிச் சொல்லித்தான் அது மாறியது. அப்புறம் முழங்கையை உயர்த்தித் தண்ணீரைப் பின்னால் தள்ளப் பழகினாள்.

வேளச்சேரியின் 50 மீட்டர் குளத்தில் கரையில் நின்று எண்ணுவேன். முதலில் ஒரு நீளத்துக்கு 56 கைவீச்சு, மூன்று மாதம் கழித்து 47. டைமிங் 44 வினாடியிலிருந்து 41-க்கு வந்தது. இடையில் உயரமும் கொஞ்சம் கூடினாள், அதனால் எல்லாவற்றையும் ஸ்ட்ரோக்கின் கணக்கில் எழுத மாட்டேன்.

பேடில் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். தப்பான கைவீச்சோடு அதை மாட்டினால் தோளுக்குத்தான் சுமை.

14, 15 வயதில், அதுவும் ஸ்பிரின்ட் (குறைந்த தூர வேகப் போட்டி) நீந்தும் பையன்களுக்கு, கணக்கு வேறாக இருக்கலாம். எங்கள் வீட்டு அனுபவம் இன்னும் அதுவரை போகவில்லை. இப்போதைக்கு வாரம் இரண்டு நாள் மொட்டை மாடியில் தண்டாலும் பிளாங்க்கும், எடை தூக்குவது கிடையாது. பேடில் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஒரு வாரம் முழுக்க 45 கைவீச்சுக்குள் நீந்திக் காட்டினால் கோச்சிடம் கேட்டு வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.