கிரிப்டோமேட்: பெயரை நம்பி நிற்கும் மாஸ்க்

"மாஸ்க் எடுக்க இன்னும் பொருள் எண் முறையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கிரிப்டோமேட்டுக்கு மாறலாமா?" என்று நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். மாஸ்க் என்றால், படத்தில் ஒரு பொருளை மட்டும் வெள்ளையாகவும் மற்றதெல்லாம் கறுப்பாகவும் பிரித்துக் காட்டும் படம்; அதை எடுக்கும் இரண்டு முறைகள்தான் அவர் சொன்னவை. வேறொரு நாளாக இருந்தால் யோசிக்காமல் "மாறுங்கள்" என்று சொல்லியிருப்பேன். அவர் கேட்ட அன்று என் திரையில் 14 மாஸ்க்குகள் கன்னங்கரேலென்று கிடந்தன.

வீட்டு உள் அலங்காரப் படங்களை ரெண்டர் செய்வது, அதாவது முப்பரிமாணக் காட்சியைக் கணினியில் படமாக்குவது, என் தொழில். 2019இல் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளின் 2.80 பதிப்பில் கிரிப்டோமேட் சேர்ந்ததிலிருந்து அதைத்தான் பயன்படுத்துகிறேன். படம் முடிந்து வாடிக்கையாளர் கைக்குப் போன பிறகுதான் குஷன் நிறம் வேண்டாம், சுவர் கொஞ்சம் வெளுப்பாக இருக்கட்டும் என்ற பேச்சே வரும். மறுபடி ரெண்டர் போட்டால் ஓர் இரவு போய்விடும். மாஸ்க் இருந்தால் கம்பாசிட்டிங்கிலேயே, அதாவது ரெண்டரான படத்தைத் திருத்தும் கட்டத்திலேயே, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோபத்தில் அது விடுபட்டுப் போகக் கூடாது.

ஒரு படத்தில் கேமராவுக்கு மிக அருகே ஒரு தொட்டிச் செடி, பின்னால் ஜன்னல் திரை. ஃபோகஸ் திரையில் இருப்பதால் இலைகள் மங்கி, ஓரம் கரைந்து தெரியும். பொருள் எண் முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் நாம் ஓர் எண் கொடுப்போம்; ஒரு பிக்சலுக்கு ஒரே ஓர் எண்தான். இலைக்கு 3, திரைக்கு 7 என்று வைத்துக்கொள்வோம். பாதி இலையும் பாதி திரையுமாக இருக்கும் பிக்சலில் என்ன எழுதுவது? சராசரி எடுத்தால் 5 வரும். அது சோபாவின் எண். அதனால் இரண்டில் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு, ஓரத்தைப் படிக்கட்டு போல வெட்டிவிடும். அந்த ஓரங்களைக் கையால் மழுப்பியே பல இரவுகள் கழித்திருக்கிறேன்.

கிரிப்டோமேட் ஒவ்வொரு பிக்சலிலும் எந்தெந்தப் பொருள், எவ்வளவு பங்கு என்று சோடி சோடியாகக் குறித்துவைக்கிறது. இலை 0.62, திரை 0.38 என்பது போல. நாம் எதையும் மாற்றாவிட்டால் ஒரு பிக்சலுக்கு 6 சோடிகள் வரை எழுதும். முதன்முறை அந்த இலையின் மாஸ்க்கை எட்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தபோது, இலை எப்படிக் கரைகிறதோ அப்படியே மாஸ்க்கும் கரைந்தது. இலையை மட்டும் பச்சை கூட்டினேன். திரையில் ஒரு துளி பச்சை ஏறவில்லை. சைஆப் நிறுவனத்தில் ஜோனா ஃபிரீட்மேனும் ஆண்டி ஜோன்ஸும் உருவாக்கி, 2015 சிக்ராஃப் கணினி வரைகலை மாநாட்டில் முன்வைத்து, எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட முறை இது. அவர்களுக்கு மனமார நன்றி சொல்கிறேன்.

இனி என் குறை. பொருளுக்கு நாம் எண் கொடுக்கத் தேவையில்லை என்பது இதன் பெரிய வசதி. பொருளின் பெயரையே மர்மர்ஹாஷ் என்ற கணக்கில் போட்டு 32 பிட் எண்ணாக மாற்றிக்கொள்ளும். ஒரே பெயர் எந்தக் காட்சியிலும் ஒரே எண்ணைத் தரும். பெயரில் ஒரு புள்ளி கூடினாலும் எண் வேறாகிவிடும்.

போன வாரம் சாப்பாட்டு மேசையை வேறு வடிவில் கேட்டார்கள். மேசை, 6 நாற்காலிகள், 6 குஷன்கள், ஒரு விரிப்பு. பழையவை காட்சியில் இருக்கும்போதே புதியவற்றை வேறு கோப்பிலிருந்து கொண்டுவந்தேன். அதே பெயர்கள் ஏற்கெனவே இருந்ததால் புதியவற்றின் பெயருக்குப் பின்னால் '.001' ஒட்டிக்கொண்டது. பிறகு பழையவற்றை நீக்கினேன்; ஒட்டிய எண் அப்படியே நின்றுவிட்டது. இரவெல்லாம் ரெண்டர் ஓடியது. காலையில் கம்பாசிட்டிங்கைத் திறந்தால் 14 மாஸ்க்கும் கறுப்பு. மாஸ்க் பட்டியலில் பழைய பெயர்கள் வரிசையாக, ஒன்றும் நடக்காதது போல நிற்கின்றன. 'இந்தப் பெயரில் படத்தில் எதுவுமே இல்லை' என்று ஒரு வரி எச்சரிக்கை கிடையாது. கோப்பு மாறிவிட்டதா, மாஸ்க் தகவல் பதிவாகவில்லையா, கம்பாசிட்டிங்கில் ஏதாவது இணைப்பு கழன்றதா என்று இரண்டு மணி நேரம் தேடினேன். காரணம் தெரிந்த பிறகு பட்டியலில் பெயர்களைத் திருத்தி எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதுதான் என்னை இன்னும் எரிச்சலூட்டுகிறது. இது எனக்கு மூன்றாவது முறை.

இப்போது ஒரு வழி வைத்திருக்கிறேன். மாறக்கூடிய பொருள்களை, படத்தில் தெரியாத ஒரு வெற்றுப் பொருளின் கீழ்க் கோத்து, அதற்கு நிலையான பெயர் வைத்து, கிரிப்டோமேட்டின் பொருள் அடுக்குக்குப் பதிலாக அசெட் அடுக்கில் மாஸ்க் எடுக்கிறேன். அது உச்சியில் இருக்கும் தாய்ப் பொருளின் பெயரை மட்டுமே பார்க்கும். உள்ளே எத்தனை '.001' வந்தாலும் கவலையில்லை. ஆனால் ஒரு நாற்காலியை மட்டும் தனியாகப் பிரிக்க முடியாது.

மற்றவை சிறியவை. கண்ணாடிக்குப் பின்னால் ஒளிவிலகித் தெரியும் பூச்சாடி தனியாகக் கிடைக்காது, கண்ணாடியின் மாஸ்க்தான் வரும். இந்தத் தகவலைத் தாங்கும் ஓப்பன் இஎக்ஸ்ஆர் படக் கோப்பை 32 பிட்டில் சேமிக்க வேண்டும். 16 பிட்டுக்குச் சுருக்கினால் எண்கள் சிதைந்து எதற்கும் உதவாமல் போகும். 1920×1080 படத்தில் 6 சோடிகளுக்கு, சுருக்குவதற்கு முன், சுமார் 100 எம்பி ஆகும். இதெல்லாம் எனக்குப் பொருட்டில்லை.

நண்பரிடம் "கையில் இருக்கும் வேலை முடியும்வரை மாறாதீர்கள்" என்று சொல்லிவிட்டேன். அவருடைய படங்களில் ஐந்தாறு பொருள்கள்தான். ஓரம் கொஞ்சம் வெட்டினாலும் எண் முறை அவரை இப்படி நடுவில் கைவிடாது. நான் திரும்பப் போகப்போவதில்லை. அந்த இலையின் ஓரத்தைப் பார்த்துவிட்டேன்.