பரப்பில் பாலிமர் பிரிவதைப் பார்க்க குவார்ட்ஸ் நுண்தராசு: எதற்கு நம்பலாம், எதற்குக் கூடாது

சூடேறும்போது கரைதிறன் குறையும் பாலிமர் கரைசலில், குப்பியில் கலங்கல் தெரிவதற்கு முன்பே பாலிமரை ஈர்க்கும் பரப்பின்மேல் அடர்ந்த படலம் தடிக்கத் தொடங்கலாம். குவார்ட்ஸ் நுண்தராசு என்பது அதிரும் மெல்லிய குவார்ட்ஸ் தகடு; அதன்மேல் எடை ஏறினால் அதிர்வெண் இறங்கும். அந்தத் தொடக்கத்தைப் பிடிக்க, அதிர்வெண்ணோடு ஆற்றல் இழப்பையும் (அதிர்வு எவ்வளவு விரைவாக அடங்குகிறது என்பதையும்) அளக்கும் 5 மெகாஹெர்ட்ஸ் நுண்தராசு அருமையான கருவி. படலத்தின் தடிமனைச் சொல்ல அது மட்டும் போதாது.

காரணம், 1 ஹெர்ட்ஸ் இறங்கினால் சதுர சென்டிமீட்டருக்கு 17.7 நானோகிராம் என்ற கணக்கில் பாலிமருக்குள் சிக்கிய நீரின் எடையும் சேர்ந்துவிடுகிறது. விறைப்பான படலத்துக்கே அந்தக் கணக்கு பொருந்தும். ஆற்றல் இழப்பு ஏறினால் படலம் மென்மையானது; அப்போது பாகுமீள் மாதிரியை (படலத்தைப் பாதி திரவம், பாதி ரப்பர் போலக் கொள்ளும் கணக்கை) பொருத்த வேண்டும். பாலிமரின் எடையை மட்டும் பிரித்தறிய எலிப்சோமீட்டர் போன்ற ஒளியியல் அளவீடு பக்கத்தில் வேண்டும்.

பலரும் ஏமாறுவது வெப்பநிலையில்தான். 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடேற்றினால் நீரின் பாகுநிலை மூன்றில் ஒரு பங்கு குறையும். பாலிமர் துளியும் இல்லாத வெறும் நீரிலேயே அடிப்படை அதிர்வெண் சுமார் 140 ஹெர்ட்ஸ் உயரும். சென்சார் பரப்பில் ஒட்டவைத்த பாலி-என்-ஐசோபுரோப்பைல் அக்ரிலமைடு என்ற பாலிமரின் சங்கிலிகள் 32 டிகிரியை ஒட்டிச் சுருங்கி நீரை வெளியேற்றும்போதும் அதிர்வெண் உயரத்தான் செய்யும். ஆகவே அதே சென்சாரில், அதே வேகத்தில், வெறும் கரைப்பானை முதலில் ஓட்டிக் கழிக்காத வரைபடத்துக்கு மதிப்பில்லை. சூடேற்றும் வேகத்தில் நிமிடத்துக்கு 0.2 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். ஏற்றத்தோடு இறக்கத்தையும் பதியுங்கள். கரைசலில் கட்டற்றுத் திரியும் சங்கிலிகள் வந்து படிந்தால் குறி எதிர்த்திசை: அதிர்வெண் இறங்கும்.

அடிப்படை அதிர்வெண் சென்சாரைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையத்தின் இறுக்கத்துக்கே அசையும், அதை விட்டுவிட்டு 3, 5, 7 ஆகிய மேற்சுரங்களை (அடிப்படையின் அத்தனை மடங்கு அதிர்வெண்களை) எடுங்கள். சூட்டில் குமிழி வந்தால் எல்லாச் சுரங்களும் ஒரே நேரத்தில் தாவும். சோதனையின் உச்ச வெப்பநிலைக்குச் சற்று மேலே கரைப்பானைச் சூடாக்கி, காற்றை நீக்கிவிட்டே பயன்படுத்துங்கள்.

இன்னொரு எல்லையும் உண்டு. நீரில் அதிர்வலை 5 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 250 நானோமீட்டர்தான் எட்டும், ஏழாம் சுரத்தில் 95. கலங்கல் தொடங்கியபின் பெரிய துளிகள் வந்து அமர்ந்தால், அந்த எண்களைப் படலத்தின் கணக்கில் எழுத வேண்டாம்.