4 மில்லி அனியூரிசம்: காத்திருப்பதா, காயிலா, கிளிப்பா?

மூளை ரத்தக்குழாயில் சின்னதாக ஒரு வீக்கம் (இதுதான் அனியூரிசம்), இன்னும் வெடிக்கவில்லை என்று ஸ்கேனில் வந்துவிட்டால் நம் முன்னால் இருப்பது மூன்று வழி. ஒன்று, தொடாமல் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பது. இரண்டு, தொடை வழியாகவோ மணிக்கட்டு வழியாகவோ மெல்லிய குழாயை விட்டு உள்ளேயிருந்து அடைப்பது. காயில் என்ற கம்பிச் சுருளும் ஃப்ளோ டைவர்ட்டர் என்ற வலைக்குழாயும் இதில் அடக்கம். மூன்று, மண்டையைத் திறந்து வீக்கத்தின் கழுத்தில் கிளிப் போடுவது.

எனக்கு 4 மி.மீ. டாக்டர்கள் எம்.சி.ஏ. என்று சொல்லும் தமனி வலது பக்கம் கிளை பிரியும் இடத்தில் இருக்கிறது. தலைசுற்றலுக்காக எடுத்த எம்.ஆர்.ஐ.யில் தற்செயலாகத் தெரிந்தது. வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று, பிரஷர் உண்டு, புகையிலைப் பழக்கம் இல்லை, குடும்பத்தில் யாருக்கும் இந்தக் கோளாறு வந்ததில்லை. இதையெல்லாம் முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. இதில் ஒன்று மாறினாலும் கீழே நான் வந்து சேரும் முடிவு உங்களுக்குப் பொருந்தாது.

நான் பார்த்த இரண்டு டாக்டர்களில் ஒருவர், "இப்போதைக்குத் தொட வேண்டாம்மா, பார்த்துக்கிட்டே இருக்கலாம்" என்றார். இன்னொருவர், "உங்களுக்கு இன்னும் வருஷம் இருக்கு, பண்ணிட்டா நிம்மதி" என்றார். இரண்டு பேருமே பொறுமையாக உட்கார்ந்து விளக்கினார்கள். ஒரே படத்தைப் பார்த்துவிட்டு எப்படி இரண்டு பதில் வரும் என்று குழம்பித்தான் போனேன். அப்புறம் புரிந்தது, இரண்டு பேரும் மனதில் வைத்திருந்த ஆய்வுகளே வேறு.

முதலாமவர் சொன்னது 2003-ல் லான்செட் இதழில் வந்த சர்வதேச ஆய்வு. இதற்கு முன் ரத்தக்கசிவே வராதவர்களுக்கு, மூளையின் முன்பக்கத் தமனிகளில் (என் எம்.சி.ஏ.யும் இதில் சேரும்) 7 மி.மீ.க்குக் குறைவான வீக்கம் 5 ஆண்டுக்குள் வெடிக்கும் வாய்ப்பு 0 சதவீதம் என்றது அது. அதே அளவு வீக்கம் பின்பக்கத் தமனிகளிலோ 'பி.காம்' எனப்படும் இணைப்புத் தமனியிலோ இருந்தால் 2.5 சதவீதம். இந்த ஆய்வைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. ஆபத்து என்று டாக்டருக்குப் பட்ட பலர் ஏற்கெனவே ஆபரேஷனுக்குப் போய்விட்டார்கள். சும்மா விட்டுப் பார்த்தவர்கள் ஓரளவு சாதுவான வீக்கம் உள்ளவர்கள்.

இரண்டாமவர் சொன்னது 2012-ல் வெளியான ஜப்பான் ஆய்வு. 5,720 பேரைத் தொடர்ந்து பார்த்ததில் 3-4 மி.மீ. வீக்கம் ஆண்டுக்கு 0.36 சதவீதம் வெடித்தது. வீக்கத்தின் மேலேயே இன்னொரு குட்டிப் புடைப்பு இருந்தால் ஆபத்து கிட்டத்தட்ட ஒன்றரை மடங்குக்கும் மேல். எனக்கு இன்னும் முப்பது வருஷம் என்று வைத்துப் பெருக்கினால் 10 சதவீதத்தை ஒட்டி வந்து நிற்கிறது. முதல் தடவை அந்தக் கணக்கைப் போட்டபோது எனக்குக் கை நடுங்கியது, மறைக்க என்ன இருக்கிறது.

ஆனால் அந்தப் பெருக்கல் அவ்வளவு சரியில்லை. வெடிக்கும் ஆபத்து எல்லா வருஷமும் ஒரே சீராக இருப்பதில்லை. வளர ஆரம்பித்த வீக்கங்களில்தான் அது போய்க் குவிகிறது. தவிர, ஜப்பானியர்களுக்கு வெடிக்கும் வாய்ப்பே மற்ற பல நாட்டவரைவிட அதிகம். வெடிக்கும் வாய்ப்பைக் கணிக்க 2014-ல் வந்த 'ஃபேசஸ்' மதிப்பெண் முறை ஆறு ஆய்வுகளைச் சேர்த்துச் செய்தது. அதில் எம்.சி.ஏ. என்பதற்கு 2, பிரஷருக்கு 1, அளவுக்கும் வயதுக்கும் 0. ஆக எனக்கு 3 மதிப்பெண். அதாவது 5 ஆண்டுக்கு 0.7 சதவீதம். இதே 4 மி.மீ. பி.காமில் இருந்திருந்தால் இடத்துக்கு மட்டுமே 4 மதிப்பெண். புகைப்பதும் குடும்ப வரலாறும் இந்த முறையில் சேரவே இல்லை. அவை இரண்டில் ஒன்று இருப்பவர்கள் இந்த எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியாகிவிடக் கூடாது.

இனி மறுபக்கத் தட்டு. வெடிக்காத அனியூரிசத்துக்குச் செய்த சிகிச்சைகளைப் பற்றி 2019-ல் வந்த தொகுப்பாய்வில், 30 நாளுக்குள் ஏதாவது ஒரு சிக்கல் வந்தவர்கள் குழாய் வழி சிகிச்சையில் 4.96 சதவீதம், திறந்த அறுவையில் 8.34 சதவீதம். இறந்தவர்கள் முறையே 0.3, 0.1 சதவீதம். சிக்கல் என்றால் லேசான கை மரத்துப்போவதிலிருந்து பக்கவாதம் வரை எல்லாம் அதில் வரும்.

இந்த இரண்டு வகை எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்தபோதுதான் எனக்குத் தெளிந்தது. சிகிச்சையின் ஆபத்தை ஒரே நாளில் மொத்தமாகக் கட்டுகிறோம். காத்திருப்பின் ஆபத்தை வருஷா வருஷம் தவணையாகக் கட்டுகிறோம். இருபத்தெட்டு வயதுக்காரருக்குத் தவணைகள் அதிகம், அதனால் மொத்தமாகக் கட்டிவிடுவது லாபமாக இருக்கலாம். எழுபதைத் தாண்டியவருக்கு முதல் நாள் விலையே அதிகம், தவணையோ கொஞ்சம். என் வயது இரண்டுக்கும் நடுவில். அதனால்தான் டாக்டர்களும் நடுவில் பிரிந்தார்கள்.

காயில் என்பது பிளாட்டினக் கம்பிச் சுருள். 1990-ல் கலிஃபோர்னியாவில் குலியெல்மி என்ற டாக்டர் முதன்முதலில் ஒரு நோயாளிக்கு வைத்தார். ஓரிரு நாளில் வீடு, தையல் இல்லை, தழும்பு இல்லை. கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் வீக்கத்தின் கழுத்து குறுகலாக இருந்தால்தான் சுருள் உள்ளே நிற்கும். கழுத்து அகலமென்றால் ஸ்டென்ட்டும் சேர்த்து வைக்க வேண்டிவரும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் கிளோபிடோக்ரலும் மாதக்கணக்கில் ஓடும். ரொம்பச் சின்ன வீக்கத்தில், அதுவும் 3 மி.மீ.க்குக் கீழே, சுருளை வைக்கும்போதே கிழிந்துவிடும் ஆபத்தும் கூடுகிறது. சிலருக்குச் சில வருஷம் கழித்துச் சுருள் அமுங்கி மறுபடி ரத்தம் உள்ளே போகும். எனவே காயில் வைத்தவருக்கும் தொடர் ஸ்கேன் உண்டு. "பண்ணிட்டா மறந்துடலாம்" என்று நினைத்து இதற்குப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும்.

கிளிப் பழைய வழி, 1937-ல் வால்டர் டேண்டி தொடங்கியது. எம்.சி.ஏ. கிளை பிரியும் இடத்துக்கு இன்றும் பல சர்ஜன்கள் இதைத்தான் விரும்புகிறார்கள். அங்கே கழுத்து அகலமாகவும் கிளைகள் வீக்கத்தோடு ஒட்டியும் இருக்கும். கண்ணால் பார்த்துப் போடும் கிளிப்புக்கு அது தோது. சரியாக விழுந்த கிளிப் பெரும்பாலும் ஆயுசுக்கும் தாங்கும். இப்போது போடும் டைட்டானியம் கிளிப்போடு எம்.ஆர்.ஐ.யும் எடுக்கலாம். விலை என்னவென்றால் மண்டையோட்டில் ஒரு துண்டு எடுத்துத் திரும்ப வைப்பது, பொட்டுப் பக்கத் தசையை வெட்டுவதால் சில வாரம் வாயைத் திறந்து மெல்ல முடியாதது, வலிப்பு வராமலிருக்க மாத்திரை, வேலைக்குத் திரும்ப ஒன்றரை மாதமோ அதற்கு மேலோ. எனக்குச் சிகிச்சை தேவைப்படும் நாள் வந்தால் நான் கிளிப்பைத்தான் கேட்பேன். செய்வதென்றால் ஒரே தடவையில் முடியட்டும்.

ஃப்ளோ டைவர்ட்டர் எனக்குப் பொருந்தவில்லை, அதனால் சுருக்கமாக. தாய்த் தமனிக்குள் நெருக்கமான வலைக்குழாய் வைத்து ரத்தம் வீக்கத்துக்குள் போவதைக் குறைப்பார்கள். மாதக்கணக்கில் அது தானாக உறைந்து மூடும். கண்ணுக்குப் பின்னால் உள்ள பெரிய தமனியில் நல்ல பலன். சாதனம் மட்டுமே லட்சக்கணக்கில். ரத்தம் உறையாமல் தடுக்கும் இரட்டை மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது, பல் பிடுங்குவதற்குக்கூட.

நான் காத்திருப்பதைத் தேர்ந்தெடுத்தேன். உறவில் ஒருத்தி, "அந்த இங்கிலாந்து நடிகைக்கு என்ன ஆச்சுன்னு தெரியாதா அக்கா?" என்று கேட்டாள். எமிலியா கிளார்க்கைச் சொல்கிறாள். சிறியது, பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட அவருடைய இரண்டாவது அனியூரிசம் 2013-ல் இரட்டிப்பாகி ஆபரேஷனில் முடிந்தது, உண்மைதான். ஆனால் அவருக்கு 2011-லேயே ஒன்று வெடித்திருந்தது. ஒருமுறை வெடித்தவரின் இன்னொரு வீக்கம் எங்களைப் போன்றவர்களின் கணக்கில் சேராது. அவர் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று, ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

ஏனென்றால் காத்திருப்பது என்பது சும்மா இருப்பதல்ல. காலை எழுந்து ஐந்து நிமிஷம் முதுகு சாய்த்து உட்கார்ந்து, கையை மேஜைமேல் வைத்து, இரண்டு தடவை பிரஷர் பார்த்து, காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்திலேயே எழுதுகிறேன். 130/80-க்குக் கீழே நிற்க வேண்டும் என்பது என் டாக்டர் வைத்த எல்லை. ஊறுகாயும் அப்பளமும் தட்டிலிருந்து போயின. புகைக்கிறவராக இருந்தால் இந்த முழு அலசலையும் மூடிவைத்துவிட்டு முதலில் அதை நிறுத்துங்கள். எந்தச் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தாலும் அது வேண்டும். காபி, கோபம், மலச்சிக்கலோடு முக்குவது, பலமாக மூக்குச் சிந்துவது இவையெல்லாம் வெடிப்பதற்குச் சற்று முன் நடந்தவையாக 2011-ல் ஒரு டச்சு ஆய்வு பட்டியலிட்டது. அந்த ஆபத்து கொஞ்ச நேரமே நீடிப்பது. என் டாக்டர் காபியை நிறுத்தச் சொல்லவில்லை, மலச்சிக்கலைத்தான் கவனிக்கச் சொன்னார். நடக்கிறேன், மாடி ஏறுகிறேன். மூச்சை அடக்கிக்கொண்டு கேஸ் சிலிண்டர் தூக்குவதை மட்டும் விட்டுவிட்டேன்.

காத்திருப்பவருக்கு மனசுதான் பெரிய பாரம். ஒவ்வொரு தலைவலியும் 'அதுதானோ' என்று கேட்க வைக்கும். சின்ன வீக்கம் பெரும்பாலும் தலைவலியே தராது. பயப்பட வேண்டியது தலையில் இடி விழுந்தாற்போல் நொடியில் உச்சத்துக்குப் போகும் வலிக்கு. ஒரு கண் இமை திடீரென்று தொங்கி, இரட்டையாகத் தெரிந்தால் அதற்கு. இரண்டில் எது வந்தாலும் யோசிக்காமல் 108. வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தப் பயத்தோடு தூங்கவே முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தால் கோழைத்தனம் என்று யாரும் சொல்ல வேண்டாம். நிம்மதியும் இந்தக் கணக்கில் சேர வேண்டிய ஒன்றுதான்.

"நாங்களும் எடுத்துப் பார்க்கணுமா அக்கா?" என்று தம்பி கேட்டான். நெருங்கிய ரத்த உறவில் இரண்டு பேருக்காவது இருந்தால்தான் மற்றவர்களுக்கு ஸ்கேன் பரிந்துரைப்பது வழக்கம். அவனைப் பிரஷர் பார்க்கச் சொன்னேன், சிகரெட்டை விடச் சொன்னேன். இன்ஷூரன்ஸ் பக்கம் ஒரு வார்த்தை: கண்டறிந்த பிறகு புது பாலிசி எடுத்தால் மறைக்காமல் எழுதுங்கள். 2024 விதிப்படி, ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம்.

முதல் மறு ஸ்கேன் 6 முதல் 12 மாதத்துக்குள், அப்புறம் வருஷத்துக்கோ இரண்டு வருஷத்துக்கோ ஒன்று. எனக்கு எம்.ஆர். ஆஞ்சியோவே (எம்.ஆர்.ஐ. மெஷினில் ரத்தக்குழாயைப் படமெடுப்பது) போதும் என்றார்கள். ஊசி மருந்தும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. சி.டி. ஆஞ்சியோவில் இரண்டும் உண்டு. தொடை வழியாகக் குழாய் விட்டு எடுக்கும் டி.எஸ்.ஏ. என்ற ஆஞ்சியோதான் துல்லியம், ஆனால் சிகிச்சைக்கு முடிவெடுத்த பிறகு அது போதும். கூடுமானவரை அதே சென்டரில், அதே முறையில் எடுங்கள். மெஷின் மாறினாலே அரை மில்லி வித்தியாசம் வந்து 'வளர்ந்துவிட்டது' என்று பீதி கிளம்பும். ரிப்போர்ட் தாள் மட்டும் பத்தாது, பழைய ஸ்கேன் படங்கள் பதிந்த வட்டையும் கையோடு கொண்டு போக வேண்டும். படத்தில் உண்மையான வளர்ச்சி தெரிந்தாலோ, உருவம் கோணலானாலோ, மேலே குட்டிப் புடைப்பு முளைத்தாலோ நான் மறுபடி சர்ஜன் முன்னால் உட்காருவேன். அப்போது கேட்கப் போகும் முதல் கேள்வி: "டாக்டர், எம்.சி.ஏ. கிளிப் நீங்க வருஷத்துக்கு எத்தனை போடுறீங்க?"