ஈரக் கண்ணாடியில் கை வைக்க மாட்டேன் என்ற கடை: ஐந்துக்கு நான்கு

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் கார் ஓட்டுகிறவர்களுக்கு, தண்டையார்பேட்டையில் உள்ள இந்தக் கண்ணாடிக் கடை என்றாவது தேவைப்படும். லாரி டயர் தெறித்த கல்லால் என் முன்கண்ணாடியில் நாணய அளவுக்கு ஒரு நட்சத்திர விரிசல். வேறோர் இடத்தில், "மொத்தமா மாத்திடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டார்கள்.

இங்கிருந்த தம்பி விரலால் தடவிப் பார்த்தார். "மழையில நின்னுச்சாக்கா? உள்ள ஈரம் கீது. இன்னிக்கு ரெசின் ஊத்துனா நிக்காது, நாளைக்கு எடுத்துனு வாங்க" என்றவர், செல்லோடேப் ஒட்டி அனுப்பினார். காசு கேட்கவில்லை.

பள்ளியில் வேதியியல் நடத்துகிற எனக்கு அந்த ஒரு பதிலே போதும். விரிசலை நிரப்பும் பசையான ரெசின் ஈரத்தில் பிடிக்காது என்பது பாதிக் காரணம்தான். விசைக்கு உட்பட்ட கண்ணாடியில், விரிசலின் நுனியிலிருக்கும் சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்புகள் இழுபட்டு நிற்கும். நீர் மூலக்கூறு அங்கே போய்ச் சேர்ந்தால் பிணைப்பு அறுந்து, இரண்டு முனையிலும் ஹைட்ராக்சில் (OH) தொகுதி உட்கார்ந்துகொள்ளும். விரிசல் அடுத்த பிணைப்புக்கு நகரும். அமெரிக்க ஆய்வாளர் வீடர்ஹார்ன் 1967-இல் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியில் இதை அளந்து காட்டினார்: விசை அதேதான், சுற்றியுள்ள வாயுவில் ஈரம் கூடினால் விரிசலின் வேகமும் கூடுகிறது. கார் கண்ணாடியும் அதே வகைதான். "வண்டியை எடுக்கவே இல்லை, விரிசல் எப்படி நீண்டது?" என்று புலம்பும் ராயபுரம், காசிமேட்டுக்காரர்கள் கடற்காற்றைத்தான் கேட்க வேண்டும்.

மறுநாள் இளஞ்சூட்டில் காயவைத்து, சின்னக் கருவியைக் கண்ணாடியில் கவ்வவிட்டு, விரிசலுக்குள் இருந்த காற்றை உறிஞ்சி எடுத்தபிறகே ரெசினை ஏற்றினார். அப்புறம் யூவி விளக்கு, பிளேடால் ஒரு சுரண்டல். ஏசியை உடனே முழுசாக வைக்காதீர்கள் என்றும் சொன்னார். சூடான கண்ணாடி சட்டென்று குளிர்ந்தாலும் விசை ஏறும்.

கூர்ந்து பார்த்தால் தழும்பு தெரிகிறது. முன்பே அதைச் சொல்லியிருந்தார், அதனால் குறையில்லை. ஒரு மார்க் குறைத்தது வேறு காரணத்துக்கு: பில் கிடையாது, உட்கார நாற்காலி கிடையாது, வண்டியை நிறுத்தினால் பின்னால் வரும் ஆட்டோக்காரர் வாயைக் கேட்க வேண்டும்.

பக்க ஜன்னல் கண்ணாடியோடு போகாதீர்கள். பெரும்பாலான கார்களில் அது டஃபன்டு, அதாவது கடினப்படுத்திய கண்ணாடி. அடிபட்டால் பொடிப்பொடியாகிவிடும், ஒட்ட எதுவும் மிஞ்சாது.