மரங்கொத்திக்கு வாங்கிய தீனிக்கூண்டு: இரண்டாவது பனிக்காலம்

மரங்கொத்திக்கென்றே விற்கும் கம்பிக்கூண்டு விலை இறங்கியிருக்கிறதாம், வாங்கலாமா என்று ஆம்பூர் நண்பர் கேட்டிருந்தார். காட்பாடியில் எங்கள் கொல்லை வேப்பமரத்தில் இரண்டாவது பனிக்காலமாக அது தொங்குகிறது. போனில் சொன்னால் திட்டாகப் போய்விடும், அதனால் எழுதுகிறேன்.

கூண்டைக் குறை சொல்ல முடியாது. துருவில்லை, கொண்டி இறுக்கமாகப் பூட்டுகிறது. எரிச்சலெல்லாம் உள்ளே வைக்கும் கொழுப்புக் கட்டியின் மேல்தான். அது பனி உறையும் ஊருக்குச் செய்தது. இங்கே மார்கழி விடியலில் கெட்டியாக இருப்பது, வெயில் ஏறினால் இளகிப் பட்டையில் வழிகிறது. அப்புறம் டால்டாவில் வேர்க்கடலைப் பொடி பிசைந்து வைத்தேன். அது நின்றது, ஆனால் அணில் விடவில்லை. தலைகீழாகத் தொங்கியபடியே தின்று தீர்க்கிறது. பறவைக்குக் காரம் உறைக்காது, மிளகாய்த்தூள் தூவினால் அணில் மட்டும் ஒதுங்கும் என்று கூட வந்த தாளில் போட்டிருக்கிறது. வேலூர் அணிலிடம் யாரும் அதைச் சொல்லவில்லை போல.

அதே தாளில் இனம் காணவும் வழி சொல்லியிருக்கிறார்கள்: அலகு குட்டையென்றால் டவுனி, தலையளவு நீண்டிருந்தால் ஹேரி. இரண்டும் வட அமெரிக்கப் பறவைகள், நமக்கு எதற்கு? நம் கொல்லைக்கு வருவது பெரும்பாலும் பொன்முதுகு மரங்கொத்தி. உச்சந்தலை முழுக்கச் சிவப்பென்றால் ஆண். முன்தலை கறுத்து வெள்ளைப் புள்ளிகளோடு இருந்து, பின்கொண்டை மட்டும் சிவந்திருந்தால் பெண். இரண்டுக்கும் தொண்டை கறுப்பு, அதிலும் வெள்ளைப் பொட்டுகள். மைனாவைவிடச் சிறிதாக, தலையில் மஞ்சளோடு ஒன்று வந்தால் அது மராட்டா மரங்கொத்தி.

இந்தப் பொன்முதுகு கூண்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆனால் வழிந்த கொழுப்புக்கு எறும்பு சாரைசாரையாக ஏறியதும் வந்துவிட்டது! வாலைப் பட்டையில் ஊன்றி, முன்னே இரண்டு பின்னே இரண்டு விரலாகப் பற்றி, வெடுக் வெடுக்கென்று ஏறுகிறது. கொத்துவதுகூட இல்லை. நாக்கை நீட்டி எறும்பை ஒற்றி எடுக்கிறது. கீழே வர வேண்டுமென்றால் திரும்புவதில்லை, அப்படியே பின்பக்கமாக நழுவுகிறது. சமையலறை ஜன்னலிலிருந்தே எல்லாம் தெரியும், பைனாகுலர் வேண்டாம். பறக்கும்போது போடுகிற கத்தலுக்கு நிமிர்ந்து பார்த்தால் இடுப்பின் கறுப்பும் கண்ணில் படும். அந்த நேரத்தில் அடுப்பில் தோசை கருகினாலும் வீட்டில் யாரும் கேட்பதில்லை.

உருகிய கொழுப்பு இறகில் ஒட்டினால் பறவைக்கு ஆகாது, அதனால் கட்டியை நிறுத்திவிட்டேன். இப்போது பட்டையில் கொஞ்சம் வெல்லப்பாகு தடவுகிறேன், எறும்புக்கு அது போதும். ஆகவே நண்பரே, வாங்காதீர்கள், தண்டச் செலவு. சும்மாதானே கிடக்கிறது, உங்களுடையதைக் கொடுங்கள் என்றும் கேட்காதீர்கள். அணிலுக்கு அதில்தான் சாப்பாடு போகிறது. அது அங்கே தொங்கிக்கொண்டிருக்கிற நேரத்தில்தான் மரங்கொத்திக்கு மரம் கிடைக்கிறது.