மைக் நல்லதுதான், மூச்சுதான் உயிரை எடுக்கிறது

கண்டென்சர் மைக் (நுண்ணிய சத்தத்தையும் பிடிக்கும் ஸ்டுடியோ வகை) விலை இறங்கியிருக்கிறதாம். "வாங்கலாமா மச்சான்? நீதான் ரொம்ப நாளா அதுல ராப் பண்றியே" என்று நண்பன் கேட்டான். போனில் இரண்டு வரியில் முடிகிற பதில் இல்லை, அதனால் எழுதிவிடுகிறேன். என்னிடம் இருப்பது தொடக்கநிலை விலையில் கிடைக்கும் பெரிய டயாஃப்ரம் (சத்தத்தில் அதிரும் மெல்லிய தகடு) கண்டென்சர். கார்டியாய்டு, அதாவது முன்னாலிருந்து வரும் சத்தத்தையே அதிகம் பிடிப்பது; ஓட 48 வோல்ட் ஃபேன்டம் பவர், கேபிள் வழியே வரும் மின்சாரம். கூட மைக்கைக் கணினியோடு இணைக்க ஒரு சாதாரண இன்டர்ஃபேஸ். இந்த விலையில் எந்தக் கம்பெனி மைக்கை எடுத்தாலும் ஏறக்குறைய இதே கதைதான், ஆகவே பெயர் தேவையில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்ல மனசு வருமோ வராதோ. சொற்களை வேகமாக அடுக்கும்போது ஒவ்வொரு எழுத்தும் தனியாக விழும். ல, ள, ழ மூன்றும் மூன்றாகவே கேட்கும். போனில் பதிந்த டெமோவில் 'ட்ட', 'க்க' எல்லாம் மழுங்கிப்போய், வேகமான இடங்களில் என்ன சொல்கிறேன் என்று எனக்கே சந்தேகம் வரும். இதில் அந்தப் பேச்சே இல்லை. தாழ்ந்த குரலில் பேசுகிற மாதிரி ராப் பண்ணினாலும் மைக்கின் இரைச்சல் மேலே வராது. இத்தனை நாளில் போனது கேபிள் மட்டும்தான். பிளக்கில் சால்டர் விட்டுப்போனது, திரும்ப வைத்ததும் சரியாகிவிட்டது. மைக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

இனி மூச்சுக்கு வருகிறேன்.

90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 தட்டு) பீட்டில் நாலு தட்டு கொண்ட ஒரு பார் சுமார் 2.67 வினாடி. 16 பார் வர்ஸ், அதாவது ராப்பின் ஒரு சரணம், 43 வினாடிக்குள் முடிந்துவிடும். பாரைப் பதினாறாகப் பிரித்து ஒவ்வொரு இடத்தையும் சொல்லால் நிரப்பினால் வினாடிக்கு 6 அசை. மெலடி பாடுகிறவர் நீட்டி நிறுத்தி ஆற அமர மூச்சு வாங்கலாம். நமக்குக் கிடைப்பது அரை பீட், சில நேரம் அதுவும் இல்லை. வாயைத் திறந்து வெடுக்கென்று உறிஞ்ச வேண்டும். அந்த 'ஹ்ஹ்' சத்தம் முழுக்க மேல் அலைவரிசையில் இருக்கும். இந்த மாதிரி மைக்குகள் பலவற்றில் அந்தப் பகுதிதான் கொஞ்சம் தூக்கலாக வைத்து விற்கப்படுகிறது. கடையில் கேட்கும்போது 'கிளாரிட்டி' என்று தோன்றுவது, வீட்டில் மூச்சாகவும் 'ஸ'காரமாகவும் திரும்பி வருகிறது.

இதோடு போனாலும் பரவாயில்லை. ராப் குரலுக்கு, சத்தமான இடங்களை அமுக்கிச் சமன்செய்யும் கம்ப்ரஸர் இல்லாமல் முடியாது. 4:1 வைத்து (எல்லையைத் தாண்டும் 4 டெசிபெல் 1 ஆகும்), உச்சங்களில் 6 டெசிபெல் குறைகிற மாதிரி அமைத்து, இழந்த 6 டெசிபெலை மேக்கப் கெயினில் திரும்ப ஏற்றுகிறோம். சொற்கள் குறைந்து ஏறின, கணக்கு சரி. மூச்சோ, கம்ப்ரஸர் அமுக்கத் தொடங்கும் எல்லையான த்ரெஷோல்டுக்குக் கீழே இருந்தது, அதை யாரும் குறைக்கவில்லை. ஏற்றியது மட்டும் அதற்கு முழுசாகக் கிடைத்தது. அதனால்தான் பச்சை ரெக்கார்டிங்கில் கண்டுகொள்ளாத மூச்சு, மிக்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து இரைக்கிறது. ஒரு கம்ப்ரஸரை இரண்டாகப் பிரித்துப் போட்டால் சரியாகும் என்பார்கள். குரல் மிருதுவாகும், ஒத்துக்கொள்கிறேன். மூச்சு அதே அளவு ஏறும்.

அடுத்து எல்லாரும் கை நீட்டுவது, சத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனதும் மூடிவிடும் நாய்ஸ் கேட். தமிழில் ராப் பண்ணுகிறவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். 'கட்டுப்பட்டு' மாதிரி ஒரு சொல்லில் ஒவ்வொரு வல்லின இரட்டிப்புக்கும் முன்னால் ஒரு நொடித்துண்டு அமைதி உண்டு. கேட் அதைச் சொல் முடிந்ததாக எடுத்துக்கொண்டு மூடித் திறக்கும், சொல் திக்கும். அதைவிட மோசம் வரியின் கடைசி. இயைபு (வரிக் கடைசி ஒலிகள் ஒன்றுவது) போட்டு வரிகளை முடிக்கும்போது நம் சொற்களில் பாதி குற்றியலுகரத்தில்தான் முடிகின்றன: வந்து, நின்று, கேட்டு, காட்டு. அந்த உகரம் இயல்பிலேயே அரை மாத்திரை. அதுவும் மூச்சு தீர்ந்துபோகிற இடத்தில் விழுகிறது. கேட் அதை விழுங்கிவிட்டால் நாலு வரிக்கு யோசித்துப் போட்ட இயைபு காதில் விழாமலே போய்விடும். கேட்டை நான் எப்போதோ கழற்றிவிட்டேன்.

இப்போது செய்வது கைவேலை. கம்ப்ரஸருக்கு முன்னாலேயே, டிராக்கில் ஒவ்வொரு மூச்சையும் தனித் துண்டாக வெட்டி 6 முதல் 10 டெசிபெல் வரை இறக்குகிறேன். முழுசாக அழிப்பதில்லை. அழித்தால் மனிதன் பேசுகிற உணர்வு போய், அறிவிப்பு இயந்திரம் மாதிரி ஆகிவிடுகிறது. மெயின் குரலில் இப்படி. அதே வரியை மறுபடி பதிந்து மேலே அடுக்கும் டபுள் டிராக்கிலும், இடையிடையே போடும் கூவல்களான அட்லிப்பிலும் இரக்கமே கிடையாது, மூச்சை மொத்தமாக எடுத்துவிடுவேன். மூன்று குரல் மூன்று இடத்தில் மூச்சு வாங்குவதைக் கேட்டால் கூட்டமாக மாடி ஏறுகிற மாதிரி இருக்கும். டபுளை வர்ஸ் முழுக்கப் போடாமல் வரி முடிவுக்கும் அழுத்தம் வேண்டிய சொல்லுக்கும் மட்டும் போட்டால் வேலையும் குறைகிறது, தாக்கமும் ஏறுகிறது. மூச்சு தீர்ந்து இளைத்துப்போன அந்தக் கடைசி உகரத்தைத் தூக்கி நிறுத்துவதும் இந்த டபுள்தான். இந்தக் குரல்களை இந்த மைக் அடுக்குகிற அழகுக்காக மட்டும் அதை மன்னிக்கலாம் என்று சில நாள் தோன்றும்.

மூச்சை எழுதும்போதே கவனிப்பதும் உதவுகிறது. வரியை எழுதியதும் எங்கே மூச்சு வாங்கப்போகிறேன் என்று ஒரு கோடு போட்டுவிடுகிறேன். கோடு போட இடமே இல்லாத வரி, ரெக்கார்டிங்கிலும் திணறத்தான் போகிறது. அப்போது ஒரு சொல்லை எடுக்க வேண்டும், அல்லது பஞ்ச்-இன். நாலு பார் ஒரு டிராக்கில், அடுத்த நாலு வேறொன்றில், முதல் வரியின் வால் முடிவதற்குள் அடுத்தது தொடங்குகிற மாதிரி. மேடையில் இதைச் செய்ய முடியாதே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். மேடைக்கு வேறு மைக்.

நிற்கும் தூரம் ஒரு சாண். நேராக வாயை வைக்காமல் மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் 'ப'வின் காற்று டயாஃப்ரத்தைத் தாண்டிப்போகும். வாய்க்கு முன்னால் வைக்கும் வலையான பாப் ஃபில்டர் அப்போதும் வேண்டும். இன்னும் நெருங்கினால் அடிக்குரல் வீங்கும், 80 முதல் 100 ஹெர்ட்ஸில், அதற்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹை-பாஸ் போட வேண்டியிருக்கும். விலகினால் அறை உள்ளே வந்துவிடும். ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில் பட்ட குரல் 6 மில்லி வினாடிக்குள் திரும்பி வந்து அசல் குரலோடு மோதுகிறது; டப்பாவுக்குள் பேசுகிற சத்தம் அதனால்தான். மெல்லிய ஃபோம் ஒட்டினால் மேல் அலைவரிசை மட்டும் செத்து, குரல் மந்தமாகும். எனக்கு வேலை செய்வது முதுகுக்குப் பின்னால் தொங்கும் கனமான போர்வைகள், அவ்வளவுதான். லெவலைப் பற்றி ஒரே வார்த்தை: 24 பிட்டில் பதிந்தால் உச்சம் மைனஸ் 10 டெசிபெல் பக்கம் இருந்தால் போதும், சிவப்பைத் தொட வேண்டியதில்லை.

குரல் பீட்டுக்குள் உட்காரவில்லை என்ற புலம்பலுக்கு மைக் காரணமே இல்லாமல் இருக்கலாம். இணையத்தில் எடுக்கும் பீட்கள் பெரும்பாலும் ஏற்கெனவே மாஸ்டர் செய்து உச்சத்துக்குத் தள்ளப்பட்டவை. குரலை ஏற்றிக்கொண்டே போகாமல் பீட்டை 6 டெசிபெல் இறக்கிப் பார்க்கவும்.

ஆக, நண்பனுக்குப் பதில்: வாங்காதே. இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஏன் என்றால், இன்றைக்கு மூன்று டிராக் மூச்சு வெட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், வேறு பதில் வராது. ஒரு டைனமிக் மைக் வாங்கு, கண்டென்சரைவிடக் கூர்மை குறைந்த வகை. 1966 முதல் விற்கும் ஷூர் எஸ்எம்58 போதும். அதிலும் மூச்சு மறைந்துவிடாது. ஆனால் மேல் அலைவரிசை அடக்கமாக இருப்பதால் உறுத்தாது, வாயை ஒட்டிப் பாடலாம் என்பதால் அறையும் அடங்கும். இன்டர்ஃபேஸில் கெயின் நிறையத் திருப்ப வேண்டியிருக்கும், அதற்குத் தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள். என் கண்டென்சரைப் பாதி விலைக்குத் தருவாயா என்று அடுத்து கேட்பாய் என்று தெரியும். அதெல்லாம் தர முடியாது, பாட்டில் திரும்பத் திரும்ப வரும் ஹூக்குக்கு இன்னும் நாலு டபுள் பாக்கி இருக்கிறது.