அலாய் வீலை பாலிஷுக்குக் கொடுக்கும் முன் டிரம்மில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய தெருவில் குடியிருக்கிறேன். சிறு கல் பட்டுத் தெறித்த இடங்களில் கடற்காற்றின் உப்பு புகுந்து, என் காரின் அலாய் வீல்களில் பெயின்ட் உப்பி உரியத் தொடங்கியிருந்தது. அதை முழுவதும் எடுத்து, அலுமினியத்தைக் கண்ணாடிபோலப் பளபளப்பாக்கி, மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற காப்புப் பூச்சு அடித்துத் தருவதாக ராயபுரம் பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவர் ஒப்புக்கொண்டார். நான்கு வீலுக்கு 10,000 ரூபாய். அதில் 6,000 முன்பணம். ரசீது கேட்டபோது, "நம்ம ஏரியா ஆளுதானே சார், பில்லெல்லாம் எதுக்கு?" என்றார். நானும் விட்டுவிட்டேன், என் பங்குப் பிழை அது.

மறுநாள் சொல்லாமல் போய் நின்றபோது, ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் காஸ்டிக் சோடாக் கரைசலுக்குள் வீல் மூழ்கி, கொதிப்பதுபோல நுரைத்துக்கொண்டிருந்தது. கையுறைகூட இல்லாத ஒரு பையன் பக்கத்தில் நின்றிருந்தான். பெயின்ட் இளகுவதால் வரும் நுரை என்று சொன்னார்கள், நம்பினேன். இரும்பு கேட்டுக்கும் கிரில்லுக்கும் பெயின்ட் எடுக்க காஸ்டிக் சோடா சரிதான். அலுமினியத்தையோ அது கரைத்துத் தின்றுவிடும், அப்போது வெளியேறும் ஹைட்ரஜன்தான் அந்த நுரை. டிரம்மிலிருந்து எடுத்த வீல் கறுத்திருந்ததற்கும் காரணம் உண்டு: அலுமினியத்தோடு கலந்திருக்கும் சிலிக்கன் கரையாமல் மேலே கரிபோலத் தங்கிவிடுகிறது.

வாங்கி வந்த அன்று நான்கும் முகம் பார்க்கும் அளவுக்கு மின்னின. ஐந்து வாரத்தில் வெள்ளைப் பொடி பூத்தது. குண்டூசி முனை அளவில் குழிகள் தெரிந்தன. பின்பக்க இடது டயரில் வாரத்துக்கு 32 psi-யிலிருந்து 20க்குக் காற்று இறங்கியது. பங்க்சர் கடைக்காரர் தண்ணீரில் முக்கியபோது குமிழி டயரிலிருந்து வரவில்லை, டயர் வீலோடு பொருந்தும் விளிம்பிலிருந்து வந்தது. டயரைக் கழற்றியதும் அந்த விளிம்பு அரித்திருந்ததை அவரே விரலால் தடவிக் காட்டினார்.

திரும்பப் போய்க் கேட்டால், கடல் பக்கம் குடியிருந்தால் அலுமினியம் அப்படித்தான் ஆகும் என்றார். பாதி உண்மைதான், பூச்சில்லாத அலுமினியம் உப்புக் காற்றில் வெளுக்கும், அதற்காகத்தானே கிளியர் கோட்டுக்கும் சேர்த்துப் பேசினோம்? கொஞ்சம் மெட்டல் பாலிஷை வெள்ளைத் துணியில் தொட்டு வீலைத் தேய்த்தேன். துணி கறுத்தது. மேலே கிளியர் கோட் இருந்திருந்தால் கறுத்திருக்காது; பூசியது வெறும் மெழுகு.

வீலை பாலிஷுக்குக் கொடுப்பதாக இருப்பவர்கள், அலுமினியத்துக்கு ஏற்றது என்று டப்பாவில் அச்சிட்டிருக்கும் பெயின்ட் ரிமூவரைத்தான் பயன்படுத்துவார்களா என்று கேட்டு, அந்த டப்பாவைக் கண்ணால் பாருங்கள். அதன் பிறகு 320, 400, 600, 800, 1000 என்று ஒன்றும் தாண்டாமல் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், எண் கூடக் கூட மென்மை) தேய்த்து 2000 வரை போனபின்தான் துணிச் சக்கரத்தில் பஃபிங் செய்ய வேண்டும். நடுவில் ஒன்றை விட்டால் பழைய கீறல் வெயிலில் தெரியும். கிளியர் கோட் அடிக்கும் முன் ஒருமுறை வரச் சொல்லிக் காட்டுவார்களா என்பதையும் பேசிவிடுங்கள். கேஸ் டார்ச்சால் பெயின்ட்டை எரித்து எடுக்கிறோம் என்பவரிடம் நிற்கவே வேண்டாம், வீலின் உறுதி தயாரிக்கும்போது கொடுத்த வெப்பப் பதத்தால் வந்தது. 200 டிகிரிக்கு மேல் சூடேறி நின்றால் அந்தப் பதம் போய்விடும்.

ரசீது தராததையே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதைப் பிறகுதான் தெரிந்துகொண்டு 1915 என்ற உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். வண்டி இப்போது புதுப்பேட்டையில் வாங்கிய பழைய இரும்பு வீல்களில் ஓடுகிறது. முன்பணம் 6,000 செல்போன் வழியாகப் போனதால் அதற்குச் சான்று இருக்கிறது. மீதி 4,000 ரொக்கமாகக் கொடுத்தேன்.